நாற்பத்தொரு சிவப்பு வரிகள்

லண்டனில், 118ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில், முன்னிருந்து மூன்றாவது இருக்கையில், செபமாலைமுத்து ஆறு பேராகப் பேசிக்கொண்டு வருகிறார். தபால்காரனாகக் கேட்கிறார், உபாத்தியாராகப் பதில் சொல்கிறார், பாண்காரனாக இடையில் புகுகிறார். காதில் ஒரு வெள்ளை இயர்போன். அதன் வயர் கோட்டுப் பைக்குள் போகிறது. பைக்குள் அது எதிலும் பொருத்தப்படவில்லை. "தனியக் கதைச்சா விசர் எண்டுவாங்கள். வயர் தொங்கினாப் போனில கதைக்கிறார் எண்டு விட்டிடுவாங்கள்" என்பது அவருடைய விளக்கம். மிச்சம் என்கிற ஊரில் ஏறி மோர்டனில் இறங்குவதற்குள் நாடகத்தின் முதற்காட்சி முடிந்துவிட வேண்டும். வீதியில் நெரிசல் என்றால் இரண்டாம் காட்சியிலும் பாதி போய்விடும்.

மன்னாரில் பிறந்தவர். வயது எழுபது. 1991இல் லண்டனுக்கு வந்து, இருபத்துமூன்று வருடம் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் மோர்டனிலும் மிச்சத்திலும் உள்ள கத்தோலிக்கத் தமிழர்களுக்கு அவர் 'கொப்பி பார்க்கிற முத்து அண்ணை'. பங்கு மண்டபத்தில் வருடம்தோறும் ஒக்டோபரில் போடப்படும் நாடகத்தில், மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு குட்டை முக்காலியில் கொப்பியோடு இருந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர் அவர்.

நாடகத்தின் பெயர் 'தபாலடிச் சந்தி'. ஒரு சின்ன ஊர், பெயர் சொல்லப்படுவதில்லை. அதில் ஒரு நாள். காலையில் கிளார்க் சவிரி எட்டு மணி பஸ்ஸுக்குப் போகிறார், மனைவி மரியம்மா வழியனுப்புகிறாள், பாண் ரொட்டி விற்கும் வண்டி பிந்தி வருகிறது, பின்னேரம் மழை பெய்கிறது, சவிரி திரும்பி வருகிறார். வேறொன்றும் நடப்பதில்லை. ஆனாலும் நூற்றெண்பது கதிரையும் நிறைந்துவிடும்.

கொப்பி பார்ப்பதில் அவருக்குச் சில விதிகள் உண்டு. முதற் சொல்லை மட்டுமே கொடுப்பார். "மிச்சம் அவையின்ரை வாயிலதான் கிடக்கு. முழுசாச் சொன்னா ஆளைக் கேவலப்படுத்தினதாப் போகும்." முக்காலியில் அமருமுன் ஒரு கராம்பை வாயில் அடக்கிக்கொள்வார், இருமல் வராமலிருக்க. முக்காலியிலிருந்து பார்த்தால் நடிகர்களின் கால்கள்தான் முதலில் தெரியும். மறந்தவரின் பெருவிரல் அசையும் என்பார். பெருவிரல் அசைந்து, வாய் திறந்து, காற்று மட்டும் வருகிற அந்த இடைவெளியில் சொல்லைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மூன்றாம் வரிசைக்குக்கூட அது கேட்டதில்லை.

கொப்பி தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பி. நாடகம் முழுவதும் கறுப்பு மையில், அவருடைய கையெழுத்தில், பழைய மேடைத் தமிழில் இருக்கிறது. ஓரங்களில் சிவப்பு மையில் வேறு வரிகள். அவை கிளறிற்றாவினுடையவை.

கிளறிற்றா அவருடைய மனைவி. 2001இலிருந்து மரியம்மாவாக நடித்தவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வாய் ஓயாத பெண். கறுப்பு மையில் இருப்பதை அப்படியே சொல்வது அவருக்கு ஏலாத காரியம். 'நேரமாகிறது, பத்திரமாகச் சென்று வாருங்கள்' என்று எழுதியிருந்தால் அதைச் சொல்லிவிட்டு, கூடவே தன்னுடையது ஒன்றையும் போடுவார். அது அடுத்த வருடமும் வரும். அதற்குப் பின் இன்னொன்று. செபமாலைமுத்துவுக்கு இது பொறுக்காது.

"இஞ்சாரும், கொப்பியில இல்லாததை ஏன் சொல்லுறீர்?"

"அப்ப நான் சொன்னதைக் கொப்பியில எழுதுங்கோவன்."

அவர் எழுதினார். ஒத்துக்கொண்டு அல்ல, குற்றப்பத்திரிகை போல. ஒவ்வொரு வரிக்குக் கீழும் 'கி. சொன்னது' என்று போட்டு, திகதியும் நேரமும் குறித்தார். 2023 வரை நாற்பத்தொரு வரிகள் சேர்ந்தன.

அவற்றில் ஏழாவதுதான் ஊரறிந்தது. 23.10.2004, மாலை 6.52. அன்று அவர் வேலையிலிருந்து நேரே மண்டபத்துக்கு ஓடி வந்திருந்தார். சேர்ட்டில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டப்பட்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. சவிரியை வழியனுப்ப வந்த கிளறிற்றாவின் கண் திரைக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பக்கமே பார்த்துச் சொன்னார்:

"பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள். கழட்டிப்போட்டு வடிவாப் பூட்டிக்கொண்டு போங்கோ. ஆரும் இல்லாத மனிசன் எண்டு ஊர் நினைக்கப்போகுது."

சவிரியாக நின்றவர் தன் சேர்ட்டைத் தடவிப் பார்க்க, மண்டபம் சிரித்து உருண்டது. அது சவிரிக்குச் சொன்னது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொரோனாவால் நாடகம் நின்ற இரண்டு வருடங்கள் போக, அதன் பின்னும் பதினேழு தடவை அந்த வரி வந்தது. ஒவ்வொரு தடவையும் கிளறிற்றா திரைப்பக்கம் திரும்பித்தான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இவர் இருட்டுக்குள் இருந்து தன் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் "கொப்பியில இல்லாத கதை" என்று தொடங்குவார். "உங்களுக்குத்தானே சொன்னனான், சனத்துக்கில்லையே" என்று கிளறிற்றா முடிப்பார்.

கிளறிற்றா 2024 மார்ச் ஒன்பதாம் திகதி, ஒரு சனிக்கிழமை, மருத்துவமனையில் இறந்தார். கடைசி நாட்களில் இருவரும் சேர்ந்து செபமாலை சொன்னார்கள். கிளறிற்றாவுக்கு மூச்சு முட்டும். செபம் நடுவில் நிற்கும். இவர் முதற் சொல்லைக் கொடுப்பார். அவர் பிடித்துக்கொண்டு மேலே போவார். அன்று மாலை 4.20க்கு இவர் கொடுத்த சொல்லை அவர் எடுக்கவில்லை. இன்னொருதரம் கொடுத்தார். மூன்றாந்தரம் முழுச் செபத்தையும் தானே சொல்லி முடித்தார். பிறகுதான் தாதியைக் கூப்பிட்டார்.

அந்த வருடம் நாடகம் இல்லை. 2025இல் போடுவது என்று பங்குச் சபை தீர்மானித்தது. நெறியாளர் ஜெஸ்ரின், கவுன்சிலில் வேலை செய்பவன், நாற்பத்துநான்கு வயது. மரியம்மாவுக்கு லோஜினியைப் பிடித்தான். பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கும் பெண், முப்பத்தொரு வயது, கெட்டிக்காரி. அவளுக்குப் படித்துக்கொள்ள ஒரு பிரதி வேண்டும் என்று ஜெஸ்ரின் கேட்டபோது, செபமாலைமுத்து கொப்பியை வெளியே விட மனமில்லாமல், தானே பங்கு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்று பிரதி எடுத்துக் கொடுத்தார். அலுவலக இயந்திரம் கறுப்பு வெள்ளை இயந்திரம். கறுப்பும் சிவப்பும் ஒரே நிறமாய் வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் திகதி போட்டு வைப்பவருக்கு இது கண்ணில் படவேயில்லை.

செப்டெம்பர் ஏழாம் திகதி, ஞாயிறு பூசைக்குப் பிறகு முதல் ஒத்திகை. லோஜினி எல்லாவற்றையும் பாடமாக்கி வந்திருந்தாள். சவிரி புறப்பட்டார். அவள் 'நேரமாகிறது, பத்திரமாகச் சென்று வாருங்கள்' என்றாள். மூச்சு விடாமல், "பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்" என்று தொடங்கினாள்.

"நிப்பாட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து முக்காலி விழுந்த சத்தம் கேட்டது. செபமாலைமுத்து மேடைக்கு வந்து நின்றார். இருபத்துநான்கு வருடத்தில் அவர் மேடைப் பலகையில் கால் வைத்ததை ஒருவரும் கண்டதில்லை.

"அது உமக்குரிய வசனம் இல்லை, பிள்ளை."

"கொப்பியில கிடக்குதே அங்கிள். நீங்கள் எழுதினதுதானே?" அவள் தாளை நீட்டினாள். அவருடைய கையெழுத்து. கீழே 'கி. சொன்னது.' "கி. எண்டா கிளார்க்கின்ரை மனிசி எண்டெல்லோ நான் நினைச்சன்."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் அவளிடமிருந்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஓரத்து மரவாங்கில் உட்கார்ந்து, அடிமட்டம் வைத்து நாற்பத்தொரு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கீறி வெட்டினார். ஐம்பது நிமிடம் பிடித்தது. லோஜினி பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கு எல்லாம் வடிவாப் பாடம் அங்கிள். இப்ப எப்பிடி மறக்கிறது?" என்று கேட்டாள். "மறக்கத்தான் வேணும்" என்றார், தலை நிமிராமல்.

ஜெஸ்ரின் அவரைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தான்.

"முத்து அண்ணை, மற்ற நாற்பதையும் வெட்டுங்கோ, நான் கேக்க மாட்டன். அந்தப் பொத்தான் வசனத்தை விடுங்கோவன். சனம் அதுக்கெண்டுதான் வருது."

"கொப்பியில இல்லை, தம்பி."

"கொப்பியில இல்லையோ! இருவது வருசமா நாங்கள் கேட்ட வசனம். கிளறிற்றா அன்ரி எங்கள் எல்லாருக்கும் சொன்னதுதானே?"

"இல்லை. எனக்குச் சொன்னது."

ஜெஸ்ரினுக்கு முதலில் விளங்கவில்லை. செபமாலைமுத்து, 2004ஆம் ஆண்டு மாறிப் பூட்டிய அந்தப் பொத்தான் மேலிருந்து மூன்றாவது என்பது வரை, திகதி வாரியாகச் சொன்னார். பிறகு தேநீரைக் குடிக்காமல் கோப்பையைக் கழுவி வைத்தார். "இன்னொரு வாய் அதைச் சொல்ல, நான் அதில இருக்க ஏலாது" என்றார். ஜெஸ்ரின் அதன் பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லோஜினியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான். மற்றவர்களிடம் காரணம் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு உரிமை இல்லை என்று பட்டது.

வீட்டில் அவர் ஒழுங்காகத்தான் இருக்கிறார். காற்கொத்து அரிசியில் சோறு, ஒரு கறி. குளியலறையில் இரண்டு துவாய்களும் இன்னமும் தொங்குகின்றன. திங்கட்கிழமைகளில் இரண்டையும் தோய்க்கிறார். லெஸ்ரர் நகரில் இருக்கும் மகள் அஜித்தா போனில், "என்னப்பா செய்யிறியள்?" என்று கேட்டால், "கொப்பி பாக்கிறன்" என்பார். நாடகம் இல்லாத மாதங்களிலும் அதே பதில்தான்.

2025 ஒக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. மண்டபம் நிறைந்து, பின்சுவரோரம் பன்னிரண்டு பேர் நின்றார்கள். திரை ஐந்து நிமிடம் பிந்தி விலகியது. லோஜினி நன்றாகவே செய்தாள். சவிரி குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"நேரமாகிறது, பத்திரமாகச் சென்று வாருங்கள்."

அதோடு நிறுத்தினாள். சவிரி இரண்டு அடி வைத்தார். மண்டபம் காத்திருந்தது. ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், புதுப் பிள்ளை மறந்துவிட்டாள், உதவி செய்வோம் என்ற அன்போடு, "பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்!" என்றது. பக்கத்து வரிசை பிடித்துக்கொண்டது. அதற்குள் அது எல்லா வரிசைகளுக்கும் போய்விட்டது. கிளறிற்றாவை நினைத்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும், சிலர் சிரித்துக்கொண்டும், இருந்தவர்களும் நின்றவர்களும் ஒரே குரலில் மேடையைப் பார்த்துச் சொன்னார்கள்:

"ஆரும் இல்லாத மனிசன் எண்டு ஊர் நினைக்கப்போகுது!"

கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. லோஜினி தடுமாறிப் போனாள். அடுத்த வசனம் 'இன்று பாண் வண்டி இன்னும் வரவில்லையே' என்பது. அதில் முதற் சொல் மட்டும் போதும். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அவள் மெல்ல இடப்பக்கத் திரையை நோக்கித் திரும்பினாள்.

கொப்பி தரையில் கிடந்தது. முக்காலியில் குனிந்திருந்த செபமாலைமுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தன் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார்.