என் கர்ப்பப்பையையும் பெயரையும் வெக்காளியம்மன் மீட்டுக் கொடுத்தாள்

போன வருஷம் ஆடி மாதம், என் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு டாக்டர் சொன்னார். கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை. ஆட்டோவில் உட்கார்ந்ததும் வாய்விட்டு அழுதேன்.

கர்ப்பப்பை வாயில் வைரஸ் தொற்று. அதனால் அங்கே செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய் இல்லை, ஆனால் ஆகலாம். உடலுறவு மூலம் வருகிற வைரஸ் என்று என் மாமியார் முன்னாலேயே அந்த டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், வீடு திரும்ப நேரமாகும். மாமியார் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் போய் உட்கார்ந்து, "கடைக்குப் போறேன்னு எங்கெல்லாம் போனாளோ" என்று என் பெயரை நாறடித்தார். எதிர்வீட்டு வளைகாப்பில் எல்லாப் பெண்களுக்கும் வளையல் கொடுத்தார்கள். தட்டு என்னைத் தாண்டிப் போனது.

என் புருஷன் கல்யாணத்துக்கு முன் சார்ஜாவில் வேலை பார்த்தவர். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அம்மா ஏதோ கோவத்துல பேசுறாங்க, விடு" என்றார். அந்த "விடு" என்ற வார்த்தைக்காகவே அவரை மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனேன். வெயிலோ மழையோ, தலைக்கு மேல் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கிற அம்மா அவள். அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? "என் கர்ப்பப்பையைக் காப்பாத்து. என் மேல சேறு பூசினவங்க வாயாலேயே உண்மையைக் கக்க வை. அவங்க கூனிக்குறுகி நிக்கிறதை நான் கண்ணால பாக்கணும்" என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அந்த வாரமே, கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தில்லை நகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"மாறின செல்லெல்லாம் புத்துநோயா ஆயிடாதும்மா. நிறைய பேருக்குத் தானா சரியாயிடும். செல்லுக்குள்ள டி.என்.ஏ. மேல சின்னச் சின்ன ரசாயன ஒட்டு ஒட்டிக்கும், மெத்திலேஷன்னு பேரு. சில இடத்துல அது அதிகமா இருந்தா நோய் முத்தப் போகுதுன்னு சந்தேகப்படணும். குறைவா இருந்தா காத்திருந்து பாக்கலாம்."

"இது யார்கிட்டேருந்து வந்ததுன்னு தெரியுமா டாக்டர்?"

"அதை எந்த டெஸ்டும் சொல்லாது. வருஷக்கணக்கா உடம்புல ஒளிஞ்சு கிடக்கும்."

அந்த ஒட்டைப் பார்க்கிற டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் சாப்பிடும்போது, டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். டி.வி. சீரியலில் டி.என்.ஏ. டெஸ்ட் வந்தால் யாருடைய குட்டாவது உடையும் அல்லவா? மாமியாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "வரட்டும். யார்கிட்டேருந்து வாங்கிட்டு வந்தாள்னு சந்தி சிரிக்கட்டும்" என்றார்.

புருஷனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்துவிட்டேன். அப்படியெல்லாம் இந்த டெஸ்ட் சொல்லாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமா அத்தை, வரட்டும்" என்றேன்.

அதன்பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு நன்றாக இறங்கியது. ரிசல்ட் வாங்கப் போகிற அன்று காலையில் தன் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். "அவளை ஒண்ணும் சொல்லாதம்மா. சார்ஜாவுல நான்தான் தப்புப் பண்ணேன். டெஸ்ட்ல எப்படியும் என் பேருதான் வரும்."

டெஸ்டில் பேர் வரும் என்ற நினைப்பை அவர்கள் மண்டையில் போட்டது யார்? நான் இல்லை. உறையூர்க்காரி.

ரிசல்ட்டில் அந்த ரசாயன ஒட்டு குறைவாக இருந்தது. அறுவை வேண்டாம், ஆனால் செக்கப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டரம்மா. தை மாதம் மறுபடி பார்த்தபோது செல்கள் சரியாகியிருந்தன. "இனிமே தாராளமா குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்" என்றார். அன்றைக்கே போய் அம்மாவுக்குப் புடவை சாத்தினேன். புருஷன் என்னோடு வந்து, தலை நிமிராமல் நின்றார். நிற்கட்டும்.

என் சகோதரிகளே, கோபத்தோடு போனால் சாமி கேட்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கோபத்தையும் கொண்டுபோய் அவள் காலடியில் கொட்டுங்கள். டெஸ்டுக்கு வெட்கப்படாதீர்கள். பயந்து நாலு சுவருக்குள் அழுதுகொண்டிருந்த நான், இப்போது யாருக்கும் தலைகுனிவதில்லை.

மாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "சொன்ன இடத்துல போய்ச் சொல்லுங்க அத்தை" என்று நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். முதல் வீட்டு வாசலில், "தப்பு என் பையன் மேலதான்" என்று முனகினார். "அவங்களுக்குக் கேக்கல அத்தை, சத்தமா சொல்லுங்க" என்றேன். சொன்னார். இரண்டாவது வீட்டில் முதல் தடவையே சத்தமாகச் சொன்னார். மூன்றாவது வீட்டுக்காரர்கள் மணப்பாறைக்குக் குடிபோய்விட்டார்கள். "அவ்வளவு தூரம் எதுக்கும்மா?" என்று கெஞ்சிப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அழைத்துப் போகிறேன்.