பிடித்திருந்தது

தெருவில் அவனுக்குப் பேர் பத்தாம் நம்பர். பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எங்கேயாவது வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவான். பாதி நேரம் அது அவன் சட்டைப் பையிலேயே கிடக்கும். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் அவன் ஊன்றிப் படித்ததெல்லாம் ஆயில் டப்பா மேலே ஒட்டியிருக்கிற சீட்டுதான். கோபக்காரன், ஆனால் கை சுத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி மேல் ஒரு நாள்கூடக் கை நீட்டியதில்லை. உட்கார வைத்துப் பேசியதும் இல்லை.

அவள் துணிக்கடையில் பில் போடுகிறாள். கவிதை எழுதுகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட வந்த வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது.

"என்னப்பா, உன் வீட்டம்மா கவிதை வாரப் பத்திரிகையில வந்திருக்கு, நீ ஒரு மிட்டாய்கூடக் குடுக்கலையே" என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான்.

பிடித்திருந்தது.
பிடித்திருந்தேன்.
கை வலிக்கிறது.
யாராவது இப்போது
விடச் சொல்லுங்களேன்.

அவ்வளவுதான். ஆயில் சீட்டில்கூட இதைவிட அதிகம் எழுதியிருக்கும். ஆனால் அவன் முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் தனியாகப் பார்த்து, என்னைக் கட்டிக்கச் சம்மதமா என்று கேட்டபோது அவள் சொன்னது ஒரே வார்த்தை. பிடிச்சிருக்கு. இப்போது அச்சில் போட்டு ஊருக்குச் சொல்கிறாள், பிடித்திருந்தது என்று. இருக்கு எங்கே, இருந்தது எங்கே?

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"நாற்காலியைச் சொல்றாங்கப்பா. பதவியில உக்காந்தவன் எவனாவது தானா எந்திரிக்கிறானா? நல்ல குத்து" என்று வாத்தியார் சிரித்துவிட்டுப் போனார்.

நாற்காலியாம். அவள் கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவள், அவளுக்கு ஏது நாற்காலி?

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற மச்சானிடம் காட்டினான். மச்சான் அவளுக்குத் தம்பி. டியூபைத் தண்ணித் தொட்டியில் அமுக்கிக்கொண்டே படித்தான்.

"இதுல என்ன மாமா இருக்கு? அக்கா தினமும் பஸ்ல நின்னுக்கிட்டுத்தானே போகுது. மேல கம்பியைப் பிடிச்சா கை வலிக்காதா? ஒரு சீட்டு கிடைக்கலைன்னு எழுதியிருக்கு."

"முதல் வரி?"

"பஸ் பிடிச்சிருந்தது. அது புது பஸ்ஸா இருக்கும்."

"போடா."

வேலை ஓடவில்லை. அவனுக்குக் கிளட்ச்தான் ஞாபகம் வந்தது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே நின்றால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. விட்டால்தான் நகரும். அவள் நகரப் பார்க்கிறாள். எங்கே? யாரோடு? அது வேறு புத்தியில் குறுக்கே ஓடியது. வாத்தியார் ஸ்கூட்டருக்குப் புது ஆயில் ஊற்றினான். அடி போல்ட்டைப் போடவே இல்லை. ஊற்றியது ஊற்றினபடி தரையில் ஓடி வாசல் வரைக்கும் போயிற்று.

"மாமா, தெருவுக்கே ஆயில் மாத்துறியா?" என்றான் மச்சான்.

கடையைச் சாத்திவிட்டு வெயில் இறங்குமுன்னே வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். குழாயைத் திறந்தான், மூடினான். அவள் வந்து பையை ஆணியில் மாட்டியதும் கேட்டான்.

"கை வலிக்குதா?"

"எந்தக் கை?"

"பத்திரிகையில வலிக்குற கை."

அவள் அப்படியே நின்றாள். "யார் காட்டினா?"

"வாத்தியார். நாற்காலின்னு சொன்னார். உன் தம்பி பஸ் கம்பிங்கிறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க என்ன நினைச்சீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான்னு நினைச்சேன்."

சிரிப்பு நின்றது. கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "எழுதுறப்போ கடையை நினைச்சுத்தாங்க எழுதினேன். சேர்ந்த புதுசுல அந்த வேலை அவ்வளவு பிடிச்சிருந்தது. ஆனா அச்சுல பார்த்தேன் பாருங்க, வேற யாரோ எழுதின மாதிரி படிச்சேன். அப்போ எனக்கும் நீங்கதான்னு பட்டுச்சு."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

"அப்போ விடச் சொல்லட்டுமா?"

"வாயில வந்தா சொல்லுங்க."

வரவில்லை. யோசித்து யோசித்து ஒன்று சொன்னான்.

"வலிச்சா கொஞ்ச நேரம் என்கிட்டக் குடு. நான் பிடிச்சிக்கிறேன்."

"எதைப் பிடிப்பீங்க?"

அதுதான் தெரியவில்லை. அவள் கையில் என்னென்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லையே.

"நீதான் சொல்லணும்" என்றான்.

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள், நம்பலாமா என்கிற மாதிரி. பிறகு ஆரம்பித்தாள். கவிதை மாதிரி இல்லை, நீளமாகவே சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அவனுக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.