மேல் மாடிக்காரரும் என் போர் தண்ணீரும்

இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஆஸ்டின் டவுனில் சொந்தமாக மாடி வீடு கட்டி, தெருவே வறண்டாலும் வற்றாத போர் போட்டவன். அந்தத் தண்ணீரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

மேல் மாடியில் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான ஆள், பால் வாங்க வந்தாலும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தினமும் காலையில் என் தண்ணீரை ஒரு மின்சாரப் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்கவிடுவார். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக பாட்டிலில் இறங்கும்வரை, டிவி பார்ப்பதுபோல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

இதைக் கேள்விப்பட்டதும், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவது என்றே படியேறினேன்.

“என்னா சார், என் தண்ணி என்னா விஷமா?”

“ஐயோ ஓனரே, இது வீட்டுக்காரிக்கு. தூங்கறப்ப மூச்சு மெஷின் வெக்கணும். அதுல போர் தண்ணி ஊத்துனா உப்பு படிஞ்சு கெட்டுடும்.”

“அப்ப குடிக்கிறதுக்கு?”

“உங்க தண்ணிதான். இந்த பாட்டில் தண்ணியில ருசியே இல்ல, குடிச்சுப் பாருங்க.”

ஒரு மடக்கு குடித்தேன். காற்றை விழுங்கியதுபோல் இருந்தது. சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, “ஓனர் மூஞ்சியப் பாருங்களேன்!” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலி செய்யும் பேச்சையே எடுக்காமல், காபி குடித்துவிட்டு இறங்கினேன்.

பிறகு அவர்கள் தங்கள் மகள் வீட்டுக்குப் பக்கமாக வைட்ஃபீல்டுக்கு மாறினார்கள். டெம்போவில் அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டவர், காலடியில் ஒரு கேன் நிறைய என் போர் தண்ணீரையும் பிடித்து வைத்திருந்தார். ருசிக்காகவா, என் மனம் குளிரவா என்று இன்றுவரை தெரியவில்லை. எதற்காக இருந்தாலும், கேன் மூடியை நன்றாக இறுக்கிவிட்டவன் நான்தான்.