இன்பராஜ் பார்த்துவைத்த ஓட்டல்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து டேனரி ஒன்றில் இன்பராஜ் தோல் தரம் பிரிக்கிறார். பதனிட்டு வந்த தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று அடுக்குவது அவர் வேலை. வயது நாற்பத்தைந்து. உடன் படித்தவர்கள் அவரை மதிப்பது இந்த வேலைக்காக அல்ல. பத்தாம் வகுப்புத் தோழர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூட்டுபவர் அவர்தான். மண்டபம் பிடிப்பது, பிரியாணிக்குச் சொல்வது, வரமாட்டேன் என்பவரை நாலுமுறை அழைத்து வரவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வேறு எந்தக் கூட்டத்திலும் அவர் முன்வரிசையில் நின்றதில்லை. இதில் மட்டும், இன்பா என்ன சொல்கிறான் என்று கேட்ட பிறகே தேதி முடிவாகும்.

டேனியல் அதே வகுப்பு, அதே பெஞ்ச், ஞாயிற்றுக்கிழமை அதே சர்ச். படிப்பு முடிந்து சென்னைக்குப் போனவர், இப்போது வெளிநாட்டு ஷூ கம்பெனி ஒன்றின் தர ஆய்வாளர். அவ்வப்போது இன்பராஜின் டேனரிக்கே வருவார். மேனேஜர் எழுந்து நின்று "வாங்க டேனியல் சார்" என்பார். இன்பராஜ் முதல் தரத்தில் வைத்த தோல்களை டேனியல் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சிலவற்றை இரண்டாம் தரத்துக்கு நகர்த்துவார். பிறகு இன்பராஜின் தோளில் கைபோட்டு டீக்கடைக்கு இழுத்துப்போவார். தோலை நகர்த்தியதை இன்பராஜால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தோளில் விழுந்த கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த ஆண்டு சந்திப்பைச் சென்னையில் வைக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர் டேனியல். வெளியூரில் இருப்பவர்களுக்கு வசதி, பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்றார். நல்ல ஓட்டல் ஒன்று தெரியும் என்றும் சொன்னார். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. இன்பா என்ன சொல்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று முழுக்க இன்பராஜ் பதில் எழுதவில்லை. மறுநாள் எழுதினார்: சென்னையே இருக்கட்டும், ஓட்டலை நான் நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

டேனியல் சொன்ன ஓட்டலுக்கு முதலில் போனார். பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடி லிஃப்ட் வைத்த கட்டடம். வரவேற்பறையில் மெல்லிய எலுமிச்சை வாசனை. ஜூஸ் கொண்டுவந்த மேனேஜர், "டேனியல் சார் சொல்லியிருந்தாரு" என்றார். அந்த ஓட்டலின் விதி அப்போதே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்பராஜ் பார்த்ததெல்லாம் குறைகள்தான். சோபாவைத் தடவிப்பார்த்தார், ரெக்ஸின். கூட்டம் நடத்தும் அறைக்கு ஜன்னலே இல்லை. வீடு திரும்பி மனைவி ஷர்மிளாவிடம், வாசனை போட்டு மறைக்கிற இடத்தில் ஏதோ இருக்கிறது என்றார். குழுவில் ஒரே சொல் எழுதினார்: சரிப்படாது.

பொறாமைக்குத் தூரம் பிடிக்காது. கோடீஸ்வரனின் காரைப் பார்த்து இன்பராஜுக்கு ஒருநாளும் மனம் சுருங்கியதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அரை அடி உயர்ந்தால் அது தனக்குச் சேரவேண்டிய அரை அடி என்று தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றியவனுக்குக் கண் கூர்மையாகிவிடும். எதைப் பார்க்கவேண்டுமோ அதை மட்டும் அது பார்க்காது.

பல இடம் அலைந்து கடைசியில் எழும்பூரைத் தாண்டி ஓர் ஓட்டலைக் கண்டுபிடித்தார். இரண்டாவது மாடியில் நீளமான கூடம், பின்பக்கம் முழுக்க ஜன்னல்கள், கீழே கால்வாய். படுக்கை விரிப்பை விரலில் கசக்கிப் பார்த்தார். திரைச்சீலையைத் திருப்பிப் பின்புறம் பார்த்தார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னபோது ஓட்டல்காரர் தயங்கினார். ஏசி இருக்கும்போது எதற்கு என்றார். சோம்பேறித்தனம் என்று நினைத்த இன்பராஜ் தானே கொக்கியை நீக்கித் திறந்தார். நல்ல காற்று வந்தது. ஜன்னலே இல்லாத டேனியலின் ஓட்டல் நினைவுக்கு வந்தது. மனம் நிறைந்துவிட்டது. அங்கேயே முன்பதிவு செய்தார்.

சந்திப்பு நாளன்று ஷர்மிளாவோடு முதல் ஆளாக வந்து எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார். ஒவ்வொரு குடும்பமாக வந்தது. மேல்விஷாரத்திலிருந்து வந்த சமீருல்லா கட்டிப்பிடித்தார். சாப்பாடு பரிமாறத் தொடங்கியபோதுதான் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதை இன்பராஜ் கவனித்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். துபாய்க்காரர் ஒருவர் தட்டோடு நடைபாதைக்குப் போனார். பின்னாலேயே இன்னும் சிலர். யாரோ ஜன்னல்களை மூடினார்கள். மூடியும் நாற்றம் போகவில்லை, திரைச்சீலையில் ஏறியிருந்தது.

இன்பராஜ் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். பிரியாணி வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

கூடத்துக்குள் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள் யார் என்று அப்போது தெரிந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்கும் டேனரி ஓடைக்கும் பக்கத்திலேயே இருந்துவிட்டவர்கள். கால்வாயின் நாற்றமும் அதே இனம்தான். ஊரைவிட்டுப் போனவர்கள் நடைபாதையில், போகாதவர்கள் உள்ளே. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது.

"நம்ம ஊரு சென்ட்டுதான்டா இது, கொஞ்சம் கம்மியா அடிச்சிருக்கான்" என்றார் சமீருல்லா. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே யாரும் சிரிக்கவில்லை.

குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட அம்பிகா வாசலில் நின்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் குத்தியது. "இன்பா, வந்து பாத்தப்போ உனக்கு ஒண்ணுமே தெரியலையாப்பா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த ஒரே மதிப்பு அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் டேனியல் எழுந்தார். அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார், பாதித் தட்டு காலியாகியிருந்தது.

"அவனை மட்டும் ஏன் கேக்குற? நானும்தான் வந்து பாத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓகே பண்ணோம். அன்னிக்கி இவ்ளோ நாத்தம் இல்ல."

டேனியல் அந்தப் பக்கமே வந்ததில்லை. ஆனால் அவர் சொன்னவுடன் நடைபாதையில் இருந்த முகங்கள் இளகின. டேனியலே பார்த்திருந்தால் சரி, வேறு வழியில்லாமல்தான் எடுத்திருப்பார்கள் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது இன்பராஜின் காதில் விழுந்தது. டேனியலின் கை பழையபடி தோளில் வந்து விழுந்தது.

இன்பராஜ் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"இல்ல. இவன் வரவே இல்ல. நான் தனியாதான் வந்தேன். இவன் காட்டுன ஓட்டல் நல்லாதான் இருந்துச்சு, நான்தான் வேணாம்னேன். இந்த ஜன்னலைத் தொறக்க வேணாம்னாங்க, நான்தான் தொறந்தேன். இப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியல."

இதை நேர்மை என்று சொல்லிவிடத் தயக்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் உண்மை அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. தன் தரம், தன் இடம், மேனேஜரின் மரியாதை என்று எல்லாம் டேனியல் பக்கம் போய்விட்டது. செய்த தப்பும் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. ஆனால் பொறாமை பேசியதாலேயே உண்மை பொய்யாகிவிடாது. டேனியல் பேசியது பொய், அது அன்பிலிருந்து வந்தது. இரண்டில் எது மேல் என்று அங்கிருந்தவர்கள் யோசிக்கவில்லை. துபாய்க்காரர் கீழே போய் வேறு கூடம் கேட்டுவந்தார். தெருப் பக்கம் ஒரு சின்ன அறை கிடைத்தது. நெருக்கியடித்து உட்கார்ந்து மீதி மதியத்தைப் பேசித் தீர்த்தார்கள். இன்பராஜ் சுவரோரமாக நாற்காலி போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் ஷர்மிளா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாலாஜாபேட்டைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் மூக்கில் துணி வைத்துக்கொண்டு திரிந்தாள், பிறகு பழகிவிட்டது என்று இன்பராஜ் நினைத்திருந்தார்.

"படிக்கட்டு ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள்.

"சொல்லலியே."

"நீங்க வேலை விட்டு வர்றப்போ தினமும்தான் தெரியுது. என்னிக்கி சொன்னேன்?"

இன்பராஜ் தன் சட்டைக் கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவர் கேட்டது அதைப் பற்றி அல்ல. டேனியலுக்கு நாற்றம் தெரிந்திருக்குமா என்று கேட்டார்.

"தெரியாம? தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் முழுங்குனாரு. எழுந்து வெளிய போகல, அவ்ளோதான்."

"அவனைத்தான் பாத்துட்டு இருந்தியா?"

ஷர்மிளா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள்.

காட்பாடி வந்தபோது போன் அதிர்ந்தது. குழுவில் டேனியல் எழுதியிருந்தார்: அடுத்த வருஷமும் இன்பாவே பாக்கட்டும். கீழே கட்டைவிரல்கள் விழத் தொடங்கின. அம்பிகா, சமீருல்லா, துபாய்க்காரர், கோயம்புத்தூர்க்காரி. போய்விட்டது என்று நினைத்த இடம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கொடுப்பவர் டேனியலாக இருந்தார். அவர் சொன்னதால்தான் அத்தனை விரல்களும் என்பது இன்பராஜுக்குத் தெரியாமல் இல்லை.

வேண்டாம் என்று எழுதி அழித்தார். நீயே பாரு என்று எழுதி அதையும் அழித்தார். குடியாத்தம் தாண்டியது. வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை, டேனியல் செய்வதை நிச்சயமாக முடியவில்லை. கடைசியில், பாக்குறேன், இந்த வாட்டி ஷர்மிளாவையும் கூட்டிட்டுப் போய்ப் பாக்குறேன் என்று எழுதி அனுப்பினார்.

அவள் எட்டிப் படித்தாள். "என்னைக் கேக்கவே இல்ல."

"இப்ப கேக்குறேன். வர்றியா?"

"ஊரு வருது, பையை எடுங்க" என்றாள் ஷர்மிளா.