காலை உணவுடன் ஓர் இடப்பெயர்வு

கனடாவின் அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டு மேல்மாடித் தண்ணீர்க் குழாய் குளிரில் வெடித்து, குசினியின் சீலிங் இடிந்து விழுந்த அன்று, இன்சூரன்ஸ் கம்பனிப் பெண் தொலைபேசியில் இழவுவீட்டுக் குரலில், "யூ ஹாவ் பீன் டிஸ்பிளேஸ்ட்" என்றாள். அதாவது, நாங்கள் இடம்பெயர்ந்தோராம். ஹோட்டலில் அறை தருவார்களாம். காலை உணவும் உண்டாம். மனம் உடைந்திருந்தால் பேசுவதற்கு ஓர் ஆலோசகரும் உண்டாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ தரம் இடம்பெயர்ந்திருக்கிறேன்; முட்டையை எப்படிப் பொரிக்க வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை. ஊரில் போர் நடந்தபோது, செல்லடிக்குள் ஓடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு படுத்தபோது, தலைமாட்டுக் கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு இருந்தது. ஆலோசனை என்று கிடைத்தது அது ஒன்றுதான்.

எதிர்வீட்டு ஸ்டீவ் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். சொந்த வீட்டைவிட்டுப் போகும் கொடுமையைத் தன்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, மரியாதைக்கு நானும் கொஞ்சம் கலங்கினேன்.

சிக்கல் என் மனைவி மஞ்சுளாவால் வந்தது. திருத்த வந்த கொன்ட்ராக்டர், வாசற்கதவுத் திறப்பைத் தந்துவிட்டுப் போங்கள், கொஞ்ச நாளில் திரும்பி வரலாம் என்றான். மஞ்சுளா திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இதைத்தான் அண்டைக்கு எங்கட ஊர் விதானையாரும் சொன்னவர். ரெண்டு மூண்டு நாளிலை வரலாமெண்டு. அம்மா அடுப்பை மட்டும் அணைச்சுப்போட்டு வந்தவ."

பலாலிப் பக்கத்தில் மஞ்சுளா பிறந்து வளர்ந்த அந்த வீடு ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. நாங்கள் கலியாணம் கட்டி, கனடா வந்து, பிள்ளைகளும் வளர்ந்த பிறகுதான் காணியை விட்டார்கள். போய்ப் பார்த்தோம். கிணறு இருந்தது, வீடு இல்லை. அடுப்பு எங்கே இருந்திருக்கும் என்று மஞ்சுளா காடாய் வளர்ந்திருந்த பற்றைக்குள் வெகுநேரம் தேடினாள்.

இதையெல்லாம் கொன்ட்ராக்டருக்கு எப்படிச் சொல்வது? என் மனைவிக்கு வீட்டின்மேல் பாசம் அதிகம் என்றேன். வெறும் சுவர்தானே, புதிதாகவே கட்டித் தருகிறோம் என்று அவன் ஆறுதல் சொன்னான்.

திறப்பு அவளிடமே இருந்தது. காலையில் ஹோட்டல் முட்டையைச் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிப்பாள். அங்கே போய் என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டேன். "இருக்கப்போறன்," என்றாள். வேலையாட்கள் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, சுவர் உரித்த வீட்டின் நடுவே, பின்னேரம்வரை ஒரு மடக்குக் கதிரையில் இருந்தாள். எங்கள் போருக்கு வந்த சர்வதேசக் கண்காணிப்பாளர் எவரும் இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்ததில்லை.

வேலை முடிந்து நாங்கள் குடிபுகுந்த பிறகு, இன்சூரன்ஸ் பெண் மறுபடி அழைத்தாள்; மஞ்சுளாதான் எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். மஞ்சுளா புதுச் சுவரை ஒருதரம் பார்த்தாள்.

"நொட் யெற்," என்றாள். இன்னும் இல்லையாம்.

அடுத்த நாளே ஓர் இன்ஸ்பெக்டரை அனுப்பிவிட்டார்கள். எந்த வேலை முடியவில்லை என்று அந்த மனிதர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மஞ்சுளா அவர் பின்னாலேயே போய், அவர் தட்டிய இடங்களில் தானும் ஒருதரம் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.