மூன்று இடம்தான் பார்ப்பேன்

ஓசூரில், ஸ்கூட்டர் இன்ஜினுக்கு அலுமினிய மூடி வார்க்கும் கம்பெனியில் பதினேழு வருடம் இன்ஸ்பெக்ஷன் மேசையில் இருந்தேன். பத்தாவது வரை படித்தவள். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மூடியில் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம்.

எங்கள் வேலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க, பெங்களூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி கேமராவோடு வந்தாள். மூளையில் ஒரு நேரத்தில் கொஞ்சம் செல்கள்தான் வேலை செய்யும், மீதி சும்மா இருக்கும் என்றாள். அதைப் பார்த்து, கம்ப்யூட்டருக்குள் உண்டாக்கிய மூளையிலும் வேண்டாத இணைப்புகளை வெட்டுகிறார்களாம். எவ்வளவு வெட்டினால் தாங்கும் என்று கணக்குப் போட்டு நிரூபிப்பதுதான் அவள் படிப்பு.

"வெட்டினாலும் வேலை செய்யுதாம்க்கா. அப்ப நம்ம சூப்பர்வைசருக்கு எப்பவோ வெட்டிட்டாங்கோ," என்று காதருகே சொன்னாள் பக்கத்து இருக்கைக்காரி. உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருபவள்.

மாணவி என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்கதான் வேகமா பாக்கறீங்க. எங்கெங்க பாப்பீங்க?"

அங்கே என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. தலையைத் தூக்காமலே சொன்னேன். "எல்லாத்தையும் பாக்க மாட்டேங்க மேடம். மூணு எடந்தான். போல்ட் ஓட்டை ஓரம், உலோகம் எறங்கற வாய், இந்த விளிம்பு."

அவள் அதை எழுதிக்கொண்டாள். கம்ப்யூட்டர் மூளையில் அந்த மூன்று இடங்களுக்கு வேண்டிய இணைப்புகளை மட்டும் வைத்து மீதியை வெட்டினார்கள். டிபன் பாக்ஸ் அளவு பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மூடி நன்றாக இருந்தால் அதில் பச்சை லைட் எரியும். மேசையை எடுத்தார்கள். நிரந்தரமாக இருந்த இரண்டு பேர் பேக்கிங்குக்குப் போனோம். ஒப்பந்தத்தில் இருந்த நான்கு பேரை நிறுத்திவிட்டார்கள்.

"உங்களுக்குன்னு ஒரு எடத்த மறைச்சு வெச்சிருக்கக் கூடாதாக்கா," என்று கேட்டுவிட்டுப் போனாள் உத்தனப்பள்ளிக்காரி.

பேக்கிங்கில் ஒருநாள், மூடியைக் காகிதத்தில் சுற்றும்போது என் விரல் அதன் அடிப்பக்கத்தில் நின்றது. முடி போல ஒரு விரிசல். இத்தனை வருடம் கண் மூன்று இடத்தைப் பார்க்க, விரல் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். "பச்சை லைட் எரிஞ்சுதுல்ல? பேக் பண்ணும்மா."

நான் பேக் செய்யவில்லை. அப்படிப்பட்டவை கிடைக்கக் கிடைக்கத் தனியாக வைத்தேன். இதைப் பார்த்தால் மேசையைத் திரும்பப் போடுவார்கள், போனவர்களைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை மாணவி வந்தபோது அவளிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. கீழ இன்னொரு கேமரா வெச்சிடலாம். விரல் எங்கெல்லாம் போகுதுன்னு காட்டுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

ஒரு மூடியை எடுத்துத் தடவிக் காட்டினேன்.