ஐந்து சுவைக் கொடி

என் அக்காவின் கணவருக்கு எதையும் பாதியாக நம்பத் தெரியாது. முட்டாள்தனமான சேதியாக இருந்தால் முழுதாக நம்புவார். அலோர் ஸ்டாரில் அவருக்கு மளிகைக் கடை. அவருடைய அப்பா தொடங்கியது. பருப்பும் மசாலாச் சாமானும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நான் சுங்கை பட்டாணியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பிரஷர் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டே “இதுக்கு ஏதும் இலை, வேரு இல்லையா?” என்று கேட்பவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்ததை அத்தான் தீர்த்தார்.

முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பனி மூடிய மலை, அதில் ஒரு தாடிக்காரர், கொடியில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். ஒரே பழத்தில் ஐந்து சுவையாம். ஈரல், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, பிரஷர் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தாம். அடுத்த வாரமே பாசார் சந்தையில் செடி விற்பவனிடமிருந்து அத்தான் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே என்ன நடந்திருக்கும் என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியும். இவர் வீடியோவை ஒன்று விடாமல் விவரித்திருப்பார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கைக்கு எட்டிய தொட்டியை எடுத்து நீட்டியிருப்பான்.

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் சிமெண்டுத் தூணருகே அதை நட்டார்கள். நட்டார்கள் என்றால், அத்தான் கைகாட்டினார், அக்கா நட்டாள். மழைத் தண்ணீர் தேங்குகிற இடம் என்று மண்ணை மேடாக்கியவள் அவள். கணுக் கணுவாகத் தூணோடு சேர்த்து ராஃபியா கயிற்றால் கட்டியவள் அவள். மெர்போக்கிலிருந்து வந்த மாட்டெருவை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டவளும் அவள்தான். அத்தான் செய்தது ஒன்றே ஒன்று. குளிர் தேசத்துக் கொடிக்கு இந்த வெயில் ஆகாது என்று, தினமும் காலையில் வேரில் ஒரு கிண்ணம் ஐஸ் கொட்டினார். இலை மஞ்சளானது. “இன்னும் குளிர் பத்தலைலா” என்று இரண்டு கிண்ணமாக்கினார்.

பிறகு அந்த வேலையை அக்காவிடம் ஒப்படைத்தார். அவள் ஐஸைக் கால்வாயில் கொட்டினாள். கொடி பிழைத்துக்கொண்டது. வெற்றிலை போன்ற இலையும் முரட்டு வளர்ச்சியுமாகத் தூணின் உச்சிக்குப் போய், ஏற இடமில்லாமல் கீழே தொங்கியது. மூன்றாம் வருடம் பச்சை மணிகள் சரம் சரமாக இறங்கின. சிவக்கத் தொடங்கியதும் அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவையும் கடை வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டார்.

தூணுக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஒரு பழம் கொடுத்தார். “கடிங்க. மொதல்ல இனிக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா வரும் பாருங்க. புளிப்பு, கசப்பு, உப்பு, காரம்.”

ஓய்வு பெற்ற கிளார்க் ஒருவர் கண்ணீர் வழிய மென்றார். “வருதுண்ணே. அஞ்சும் வருது.”

எனக்குத் தோலில் சின்ன இனிப்பு, அப்புறம் நாக்கு எரிந்தது. எங்கேயோ தின்ற சுவை, பிடிபடவில்லை. “எனக்குக் காரம் மட்டும்தான் தெரியுது அத்தான்” என்றேன்.

“ஒனக்கு ஒடம்புல சூடு ஜாஸ்தி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதே வாயால், பிரஷர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டதாகவும், அக்காவும் இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் அறிவித்தார். படித்தவர்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள், கைதட்டினார்கள். வரிசையில் நின்று கொடிக் குச்சி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அக்காவைத் திட்டுவதற்கென்றே அடுத்த விடுமுறையில் போனேன். அவள் சாதம் போட்டு ரசம் ஊற்றினாள். அப்படியொரு மணம். எங்கே வாங்கிய மிளகு என்று கேட்டேன். எழுந்து போய், ஜன்னல் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கறுத்துச் சுருங்கிய மணிகள்.

“கொடியில பறிச்சதுதான். மிளகுடி அது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“காய் விட்டப்பவே பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சொன்னாங்க, லாடா ஈத்தாம், கருமிளகுன்னு. அவங்க வீட்டுலயும் இருக்கு.”

“அவருகிட்ட சொல்லலையா?”

“சொன்னா ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. யாரு அனுபவிக்கிறது? என் மாத்திரைய நான் ஒழுங்காப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவரும் கடையில வச்சுப் போடுவாரு. வெளிய பேசுறது சும்மாடி.”

இவளை என்ன சொல்ல? பாத்திரத்தைக்கூடக் கழுவாமல், அந்த மணிகளில் ஒரு பிடி காகிதத்தில் மடித்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்திலேயே மிளகு மூட்டை வாய் திறந்து கிடந்தது. அத்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே அதிலிருந்து கொஞ்சம் அள்ளி மேசையில் வைத்து, பக்கத்தில் என் மணிகளைக் கொட்டினேன்.

“எது உங்க கொடி, எது மூட்டைன்னு சொல்லுங்க அத்தான்.”

பார்த்தார். முகர்ந்தார். ஒரு குவியலிலிருந்து எடுத்து வாயில் போட்டு மென்றார். பிறகு அதையே காட்டி, “இதுல ஒரு குளிர்ச்சி இருக்கு. உபாட்டு, மருந்துக் குணம், தனியாத் தெரியும்லா” என்றார்.

நான் மூட்டையை விரலால் தொட்டுக்காட்டினேன். அவர் மென்று முடித்தது மூட்டையில் இருந்தது, குளிர்ச்சி கண்டதும் மூட்டையில் இருந்ததுதான். குரலை உயர்த்தாமல், “பிரஷர் மாத்திரை போடுறீங்களா இல்லையா?” என்று கேட்டேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று திரும்பிக்கொண்டார். வந்தவர் பாதி கிலோ பருப்பு கேட்டார். அத்தான் அவருக்கும் கொடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

சில நாள் கழித்து அதே மேசையிலேயே சாய்ந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். அத்தான் போர்வையைப் பார்த்தார். டாக்டர் போனபின் அக்கா அழவில்லை. “அது வெறும் மிளகுங்க” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். அவருக்கு முன்னால் கைதட்டியவர்களில் ஒருவர்கூட அந்த வராந்தாவில் இல்லை என்பதில் இன்னும் அதிகம்.

வாய் நேரானது. நடக்கிறார், கடைக்குப் போகிறார். இடது கை மட்டும் முழுதாக மூடாது. அக்கா இப்போது மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரே நின்று பார்க்கிறாள். விழுங்கிவிட்டு ஒரு பழத்தையும் கடிக்கிறார். அவள் தடுப்பதில்லை.

போன மாதம் போயிருந்தேன். பெண்டாங்கிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் கொடிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அத்தான் நல்ல கையால் சரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“மிளகும் உபாட்டுதானே. இது மட்டும் ஒடம்புல இல்லாமப் போயிருந்தா, அன்னைக்கே நான் போயிருப்பேன்” என்றார்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அக்கா கத்தரிக்கோலோடு வந்து, இரண்டு கணு விட்டு நல்ல குச்சியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். “ஐஸு ஊத்தாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.